அருகில் நின்று கற்கும் மாதங்களை வீணாக்காதீர்கள்

தமிழ்நாட்டில் பி.பி.டி. என்னும் இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பு இதுவரை நாலரை ஆண்டுப் படிப்பாக இருந்து வந்துள்ளது. அதன் கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். மருத்துவம் சார்ந்த துணைத் துறைகளுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஆணையம் 2025-இல் வெளியிட்ட புதிய பாடத்திட்டம் படிப்பை ஐந்தாண்டுகளாக்கி, பயிற்சிக் காலத்தை ஓராண்டாக உயர்த்துகிறது. இந்த மாற்றத்தை மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்த ஓராண்டில் மாணவர் யார் அருகில் நிற்கப் போகிறார், எதைப் பார்க்கப் போகிறார், பார்த்ததற்கான காரணத்தை அவருக்கு யார் சொல்லப் போகிறார்கள் என்பதைப் பற்றி நம் கல்லூரிகளும் கிளினிக்குகளும் இப்போதே பேசித் தீர்க்காவிட்டால், ஆறு மாதமாக நடக்கும் அதே வீண்வேலை இனி பன்னிரண்டு மாதம் நடக்கும். தனியார் கிளினிக் ஒன்றில் மூத்த பிசியோதெரபிஸ்டுகளின் பின்னால் நின்று பயிற்சி பெற்று, அதை முடிக்கும் கட்டத்தில் இருப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சீனியர் ஒருவரின் அருகில் நிற்பதால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு, தோள்பட்டை உறைந்து போய் வருகிற நோயாளிகளைத்தான் முதலில் சொல்வேன். சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இது அதிகம் வரும் என்பதும், கையை வெளிப்புறமாகத் திருப்பும் அசைவுதான் மிகுதியாகக் குறையும் என்பதும் பாடப்புத்தகத்தில் உள்ளவை. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். ஆனால் அந்தக் கையை மெல்லத் திருப்பிக்கொண்டே போகும்போது அசைவு எங்கே நிற்கிறது, எப்படி நிற்கிறது என்பதைப் புத்தகம் உணர்த்த முடியாது. வலிக்கப் பயந்து நோயாளி தசையை இறுக்கிக்கொள்வதால் நிற்பது ஒன்று. மூட்டின் உறையே சுருங்கிவிட்டதால், தோல் வாரை இழுத்துப் பிடித்தாற்போல நிற்பது இன்னொன்று. என் சீனியர் அக்கா நோயாளியிடம் அனுமதி கேட்டு, என் கையை அந்தத் தோளில் வைத்து, அதன்மேல் தம் கையை வைத்து அழுத்தி, "இது எது சொல்லு" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த இரண்டையும் நான் குழப்பிக்கொண்டதே இல்லை. இரண்டுக்கும் சிகிச்சை வேறு என்பதால் இந்த வேறுபாடு அற்பமானதன்று. தசை இறுக்கத்தைத் தளர்த்த வேண்டிய இடத்தில் மூட்டை வலிந்து திருப்பினால் நோயாளி மறுநாள் வரமாட்டார்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடித்து வருகிறவர்களிடமும் இப்படித்தான். முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கோனியோமீட்டர் வைத்து அளக்க எங்கள் எல்லோருக்கும் தெரியும். அளப்பதற்கு முன்பே அக்கா கேட்கும் கேள்விகள் வேறு: வீட்டில் எந்த வகைக் கழிப்பறை, வாசலில் எத்தனை படி, படுக்கை கட்டிலிலா பாயிலா, பஸ்ஸில் போக வேண்டியிருக்குமா, சமையல் நின்றா உட்கார்ந்தா. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தே பழகிய ஒரு பெரியவருக்கு அறுவை சிகிச்சை மருத்துவர் இனி தரையில் உட்கார வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருப்பார். அந்தச் சொல் அவருடைய சாப்பாடு, பூசை, தூக்கம், காலைக்கடன் எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறது என்பது பயிற்சி அட்டவணையில் எங்கும் இல்லை. அந்த வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எந்தப் பயிற்சியை முன்னால் வைக்க வேண்டும் என்று அக்கா முடிவு செய்வார்.

இன்னொன்று, வலி குறையட்டும் என்று ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துவிடுகிறார்கள். கால் மடங்கிய நிலையிலேயே கிடந்து, பிறகு நேராக நீளாமலே போய்விடும் ஆபத்து அதில் இருக்கிறது. அக்கா அந்தத் தலையணையை எடுத்துவிட்டு, துண்டைச் சுருட்டிக் குதிகாலின் கீழே வைத்து, கூட வந்த மருமகளையும் அருகில் அழைத்து ஏன் என்று விளக்குவார். மடங்குவதைப் பற்றியே எல்லோரும் கவலைப்படும்போது நீள்வதைப் பற்றி முதல் நாளிலேயே கவலைப்படுகிற அந்தக் கண்ணைத்தான் நாங்கள் பெற வேண்டியிருக்கிறது.

ஊன்றுகோல் பிடிப்பதிலும் இதே கதைதான். வலது இடுப்பிலோ முழங்காலிலோ வலி உள்ளவர் இயல்பாக வலது கையிலேயே கோலைப் பிடிக்கிறார். அதை இடது கைக்கு மாற்றிக் கொடுத்தால், வலிக்கும் பக்கத்து இடுப்புத் தசைகள் சுமக்க வேண்டிய பாரம் குறைகிறது. நான்கு எட்டு வைப்பதற்குள் அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். செலவே இல்லாத சிகிச்சை இது.

பக்கவாதப் பிரிவில் நான் கற்றதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மூளையின் வலது பாதி பாதிக்கப்பட்டவர்களில் சிலர் தங்கள் இடது பக்கத்தையே மறந்துவிடுகிறார்கள். தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் உண்பார்கள், இடது கை தம்முடையது என்ற நினைப்பே இல்லாமல் இருப்பார்கள். அத்தகைய ஒருவரிடம் எங்கள் மூத்த சார் எப்போதும் இடது பக்கமாகவே போய் நின்று பேசினார். நோயாளி திரும்பாதபோதும் பொறுமையாகக் காத்திருந்தார், பெயர் சொல்லி அழைத்தார், அந்தக் கையைத் தொட்டுக் காட்டினார், ஆனால் வலது பக்கம் வந்து வேலையை எளிதாக்கிக்கொள்ளவே இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் காத்திருப்பாகத் தெரியும். பிறகு கேட்டபோதுதான், அந்தப் பக்கத்தின் மீது கவனத்தை மீட்டுக் கொண்டுவருவதற்காகவே அங்கு நிற்பதாக விளக்கினார். அவரிடம் கேட்க ஐந்து நிமிடம் கிடைக்காமல் போயிருந்தால், எத்தனை வாரம் நின்று பார்த்திருந்தாலும் எனக்கு அது விளங்கியிருக்காது.

அதே நோயாளியை வீட்டார் தூக்கி உட்கார வைக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தார்கள். தசை தளர்ந்த தோளில் அப்படி இழுப்பது மூட்டையே இறங்கச் செய்யும், பிறகு அந்த வலி மாதக்கணக்கில் நீளும். சார் மகனை அருகில் நிறுத்தி, முதுகுப் பக்கமும் இடுப்பிலும் எப்படிப் பிடிப்பது என்று அவரையே செய்ய வைத்துக் காட்டினார். சிகிச்சை நேரம் ஒரு மணிக்கும் குறைவு. மீதி நாள் முழுவதும் அந்தக் கை மகனிடம்தான் இருக்கிறது. குடும்பத்துக்குக் கற்றுக்கொடுப்பது சிகிச்சையின் பாதி என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

இப்போது வருத்தமான பகுதிக்கு வருகிறேன். இப்படிப்பட்ட சீனியர்கள் எனக்கு அமைந்தது என் நல்வாய்ப்பு. என் வகுப்புத் தோழர்கள் பலருக்கு அது அமையவில்லை. பல இடங்களில் இன்டர்ன் என்றால் கரண்ட் வைக்கும் ஆள் என்றே பொருள். காலையில் வந்ததும் வலி குறைக்க மின்னோட்டம் செலுத்தும் ஐ.எஃப்.டி. இயந்திரத்தின் பட்டைகளை முதுகில் பொருத்துவது, நேரத்தை அமைப்பது, மணி அடித்தால் எடுப்பது, அடுத்தவருக்கு அல்ட்ராசவுண்ட் ஜெல் தடவுவது, நடுவில் மெழுகு ஒத்தடம் கொடுப்பது. ஒருவருக்கு ஏன் இது கொடுக்கப்படுகிறது, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாற்றம் என்று எவரும் சொல்வதில்லை. கைச்செலவுக்கும் காணாத உதவித்தொகைக்கு, சில இடங்களில் அதுவும் இல்லாமல், சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை மாணவர்களிடம் வாங்குகிறார்கள். நோயாளிகளும் "கரண்ட் வைக்க வந்தேன் பாப்பா" என்றுதான் சொல்கிறார்கள். நம் துறையை அவர்கள் அப்படிப் புரிந்துகொண்டதற்கு நாம்தான் பொறுப்பு.

இதில் நோயாளிக்கு நேரடியான ஆபத்தும் இருக்கிறது. வெப்பம் கொடுக்கும் எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் அந்த இடத்தில் சூடும் குளிர்ச்சியும் தெரிகிறதா என்று சோதித்துப் பார்ப்பது அடிப்படை விதி. நீண்ட காலச் சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த கையில் மெழுகு சுட்டால் அவருக்குத் தெரியாது. இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, உடலுக்குள் உலோகத் தகடு இருக்கிறதா, கர்ப்பமாக இருக்கிறாரா என்பவையும் கேட்டே ஆக வேண்டியவை. வரிசையில் பத்துப் பேர் காத்திருக்க, மேற்பார்வையே இல்லாமல் விடப்பட்ட மாணவரிடம் இந்தக் கேள்விகள்தான் முதலில் விடுபடும். மாணவர் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு நகர முடியாது.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அன்று. ஒவ்வொரு மாணவரும் சில நோயாளிகளையாவது முதல் நாள் பரிசோதனையிலிருந்து சிகிச்சை முடியும் நாள்வரை தொடர்ந்து பார்க்க வேண்டும். இன்று முதுகு, நாளை முழங்கால், மறுநாள் வேறு பிரிவு என்று போஸ்டிங் மாறிக்கொண்டே இருப்பதால், தொடங்கியது எப்படி முடிந்தது என்று தெரியாமலே பலர் பட்டம் வாங்கிவிடுகிறோம். நாள் முடிவில் சீனியர் பத்து நிமிடம் உட்கார்ந்து, அன்று தாம் எடுத்த ஒரு முடிவின் காரணத்தைச் சொன்னால் போதும். பயிற்சி மாணவர் உடன் இருக்கிறார் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெறுவதும், வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் விலகுவதும் எங்கள் பயிற்சியின் பகுதியாக வேண்டும்.

கிளினிக்கின் நான்கு சுவருக்கு வெளியேயும் எங்களை அனுப்புங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சென்று இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். அந்தப் பணியாளர்களோடு போகும் மாணவர், கைப்பிடிச் சுவர் இல்லாத படியையும், சக்கர நாற்காலி நுழையாத கதவையும், பிடித்து நடக்கும் இணைக் கம்பிகளான பேரலல் பார் இல்லாத வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து நடை பழக்க வேண்டிய நிலையையும் நேரில் பார்ப்பார். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பின்னும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மையத்தை உருவாக்கிய மாநிலம் இது. நோயாளியின் இடத்திலிருந்து பார்க்கக் கற்றுத்தரும் மரபு நம்மிடமே இருக்கும்போது, மாணவர்களை இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கல்லூரி முதல்வர்களிடமும் பயிற்சிப் பொறுப்பாளர்களிடமும் ஒரு கோரிக்கை. எங்கள் லாக் புக்கில் எத்தனை பேருக்கு என்ன சிகிச்சை கொடுத்தோம் என்ற கட்டங்களும் கையெழுத்துக்கான இடமும் உள்ளன. அதே பக்கத்தில், அன்று சீனியர் எடுத்த முடிவு எது, அதற்கு அவர் சொன்ன காரணம் என்ன என்று எழுத நான்கு வரி ஒதுக்குங்கள். அந்த வரிகள் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். தொடர்ந்து பல வாரம் காலியாகவே வரும் கிளினிக்குக்கு அடுத்த ஆண்டு மாணவர்களை அனுப்பாதீர்கள்.