லைகோவுக்கு இது கேக்காதுங்க

ஈர்ப்பு அலை பத்தின உங்க கட்டுரை நல்லாருக்கு, ஆனா கேலக்ஸி நடுவுல இருக்குற ராட்சச கருந்துளைங்க ஒண்ண ஒண்ணு சுத்துறப்ப வர்ற அலையையும் லைகோ (அமெரிக்காவுல உள்ள ஈர்ப்பு அலை பிடிக்கிற கருவி) பிடிச்சிரும்னு போட்டிருக்கீங்களே, அது தப்பு. லைகோவோட கை, அதாவது லேசர் போயிட்டு வர்ற குழாய், 4 கிமீ தான், 2015-ல பிடிச்சது ஒவ்வொண்ணும் சூரியன விட 30 மடங்கு எடை சுமாருக்கு உள்ள கருந்துளை ஜோடி. பல கோடி மடங்கு எடையுள்ள ஜோடி மெதுவா சுத்துறப்ப ஒரு அலை கடந்து போகவே வருஷக்கணக்கா ஆகும், அதுக்கு பல்சர் தான் கடிகாரம், அதாவது சீரா ரேடியோ துடிப்பு அனுப்புற சுழலும் நட்சத்திரம்; அலை கடந்தா அந்தத் துடிப்பு வர்ற நேரம் லேசா பிசகும்.

எங்க காரைக்குடி வீட்டுல பெண்டுலம் கடிகாரம் மூணு, ஐயா தினமும் ரேடியோ நியூஸ் டைமுக்கு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு ஒவ்வொண்ணா போயி பார்ப்பாரு, ஒண்ணு மட்டும் பிந்துனா சாவி குடுக்கல, மூணும் சேந்து பிசகுனா கோளாறு கடிகாரத்துல இல்லடாம்பாரு. இதுவும் அந்தக் கணக்குதான், என்ன, வானத்துல ரெண்டு பல்சருக்கு இடையில உள்ள கோணத்துக்குத் தக்கன பிசகு ஒத்துப் போகணும். நானோகிராவ்னு பல்சர வச்சு ஈர்ப்பு அலை தேடுற வட அமெரிக்கக் குழு ஆளுங்க 67 பல்சர 15 வருஷ டேட்டாவுல பாத்து, அப்படி ஒத்துப் போறதுக்கு ஆதாரம் இருக்குன்னு 2023 ஜூன்ல சொன்னாங்க. அதுவும் தனி ஜோடி இல்ல, எல்லாம் கலந்த இரைச்சல், சந்தைக்கடை மாதிரி.

அதே நாள் ஐரோப்பாக்காரங்க கூட சேந்து நம்ம புனே பக்கத்து ஜிஎம்ஆர்டி ரேடியோ டெலஸ்கோப் டேட்டாவும் வந்துச்சு, அதப் பத்தி ஒரு வரி கூட இல்லையே சார்!