இடமாற்றம் வெறும் கணக்கு வேலை அல்ல
"காப்பகங்கள் கூட்டு சேர்ந்து நாய், பூனைகளை மாற்றி மாற்றி அனுப்புவது கணக்குக் காட்டத்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. ஒரே நாய் இரண்டு காப்பகங்களின் வரவிலும் பதிவாகும், உண்மை. அதனால்தான் ஒழுங்காகக் கணக்கு வைப்பவர்கள் இடமாறி வந்தவற்றைத் தனியாகக் காட்டுகிறார்கள்.

ஆனால் மாற்றுவதற்குக் காரணம் வேறு. ஓரிடத்தில் கூண்டு நிரம்பி வழியும். இன்னோரிடத்தில் தத்தெடுக்க ஆள் காத்திருப்பார்கள், குட்டி இருக்காது. இரண்டையும் சேர்த்துவைத்தால் ஒரு கூண்டு காலியாகும், அடுத்த பிராணிக்கு இடம் கிடைக்கும்.

ஆனாலும் இடமாற்றம் மட்டும் போதாது. பூனை 4 மாதத்திலேயே சினைப்பருவத்துக்கு வந்துவிடலாம். சினைக்காலமோ சுமார் 9 வாரம்தான். தத்துக் கொடுக்கும் முன்பே கருத்தடை செய்யாவிட்டால் எந்தக் கூட்டணியும் தாக்குப்பிடிக்காது. அறுவைக்கு மருத்துவர், மேசை, மயக்க மருந்து எல்லாம் வேண்டும். சின்னக் குழு தனியாக என்ன செய்யும்? செலவைப் பகிர்ந்தால்தான் முடியும்.

அப்புறம், பிராணியின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் அதன் 'இருப்பிடம் காட்டும்' என்று அவர் எழுதியதும் தவறு. அரிசியளவுச் சில்லு, பேட்டரி கிடையாது. ஸ்கேனரை அருகே கொண்டுபோனால் ஓர் எண் வரும், அவ்வளவுதான். அந்த எண்ணோடு உரிமையாளரின் தற்போதைய தொலைபேசி எண் பதிவாகியிருந்தால்தான் பிராணி வீடு திரும்பும்.