கடன்பட்டு வாங்கிய போறணை

என் அக்காவின் மகன் கல்முனைப் பக்கம் ஒரு இடத்தில் பைபர் போட் செய்கிறான். நாலு வருட வேலை. போன மாதம் அவனோடு ஒரு வங்கிக்குப் போனேன். சொந்தமாக மோல்ட், அதாவது அச்சு, செய்யவும், காற்றை உறிஞ்சும் வெக்கியூம் பம்ப் ஒன்று வாங்கவும் கடன் வேண்டும் என்றான். அரச உத்தியோகத்தர் இரண்டு பேர் பிணை நிற்க வேண்டுமாம். அதையாவது பார்த்திருக்கலாம். "மோல்டுக்கெல்லாம் குடுக்க ஏலாது தம்பி, ஓட்டோ எடுக்கிறதெண்டா லீசிங் போட்டுத் தரலாம்" என்று சொன்னதுதான் அவனை உடைத்துவிட்டது. பெரியகல்லாறு வந்து சேரும்வரை ஒரு சொல் பேசவில்லை.

அவன் கைபேசியின் முகப்பில் இருப்பது ஸொண்டா என்ற இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார். அதைச் செய்த ஹொராசியோ பகானியின் கதையை அவன்தான் எனக்கு முதலில் சொன்னான். பிறகு நானும் தேடித் தேடி வாசித்தேன்.

பகானி 1955இல் ஆர்ஜென்டினாவில் கசில்டா என்ற சின்ன ஊரில் பிறந்தவர். தகப்பன் பேக்கரிக்காரர். சிறுவயதில் பல்சா மரத்தில் கார் செதுக்கியவர், வளர்ந்ததும் ஊரிலேயே பட்டறை போட்டார், பந்தயக் காரும் செய்தார். ஐந்து தடவை உலகச் சாம்பியனான ஃபாங்கியோ அவரை நம்பி, இத்தாலியில் உள்ள கார்க் கம்பனிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். 1983இல் மனைவியோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இத்தாலி போனார். லம்போர்கினியில் கிடைத்தது அடிமட்டத் தொழிலாளி வேலை.

இவ்வளவையும் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியம் இதற்கு அடுத்தது.

கார்பன் பைபர் துணியை ரெசின் என்ற பிசினோடு அச்சில் படிய வைத்து, பை போட்டு மூடிக் காற்றை உறிஞ்சி, சூடும் அழுத்தமும் கொடுத்து வேகவைக்க வேண்டும். அதற்கான பெரிய உருளைக் கலத்துக்கு ஆட்டோகிளேவ் என்று பெயர். பாண் சுடுகிற மாதிரிப் போறணைதான், ஆனால் அழுத்தம் கொடுக்கும் போறணை. 1987 அளவில் லம்போர்கினிக்காகக் கார்பன் பைபர் உடலோடு ஒரு பரிசோதனைக் கார் செய்துவிட்டு, இந்த இயந்திரத்தை வாங்கித் தாருங்கள் என்று கம்பனியிடம் கேட்டார். ஃபெராரியிடமே அது இல்லை, நமக்கெதற்கு என்று மறுத்துவிட்டார்கள். பேக்கரிக்காரரின் மகன் தானே கடன்பட்டு அந்தப் போறணையை வாங்கினார்.

1991இல் சொந்தமாக மொடேனா டிசைன் தொடங்கினார். மற்றவர்களுக்குக் கார்பன் பாகம் செய்து கொடுத்துக்கொண்டே தன் காரையும் வரைந்தார். 1999இல் ஜெனீவாக் கண்காட்சியில் ஸொண்டா வந்தது. முதலில் ஃபாங்கியோவின் பெயரைத்தான் வைக்க இருந்தார். 1995இல் அவர் இறந்ததும், மரியாதைக்காக அதைத் தவிர்த்து ஒரு காற்றின் பெயரை வைத்தார். ஸொண்டா என்பது ஆண்டிஸ் மலையைத் தாண்டி இறங்கி வரும் வரண்ட சூட்டுக் காற்று. எங்கள் கச்சான் காற்றும் அப்படித்தானே, மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் நெருப்பாக இறங்குகிறது. இதை மருமகனிடம் சொன்னபோது அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

கச்சான் வீசினால் அவர்கள் வேலையே மாறிவிடும். வெயில் ஏறிய பிறகு ரெசின் கலந்தால் வாளியிலேயே இறுகிவிடும். அதனால் விடியமுதல் போய், ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் குறைத்துக் கலந்து, பைபர் மேட் என்ற நார் விரிப்பை விரித்து ரோலரால் காற்றுக் குமிழை அமத்தி அமத்தி வெளியேற்றுவார்கள். ஒரு நாள் நானும் போனேன். தானே செய்த சின்னக் கார் உடம்பின் மோல்டுக்கு மெழுகு பூசித் துடைத்துக்கொண்டிருந்தான். "மாமா, கண்ண மூடிட்டு கைய வெச்சிப் பாருங்க" என்றான். தடவினேன். எனக்கு வழுவழுப்பாகத்தான் இருந்தது. அவன் என் விரலைப் பிடித்து ஓர் இடத்தில் நிறுத்தி, "இதில ஒரு பள்ளம் இருக்கு" என்றான். வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது.

இந்தக் கையைத்தான் ஓட்டோ ஓட்டச் சொல்கிறார்கள். ஓட்டோ ஓட்டுவது குறைவான தொழில் என்று நான் சொல்லவில்லை, என் தகப்பனும் வாடகைக் கார் ஓட்டித்தான் எங்களை வளர்த்தார். ஆனால் வேறொருவன் செய்த வண்டியை வாங்கக் கடன் உண்டு, வண்டி செய்யும் சாமானுக்குக் கடன் இல்லை என்றால், நம் பிள்ளைகள் எப்போதும் வாங்குகிறவர்களாகவே இருப்பார்கள்.

கார் செய்தால் எஞ்சின் எங்கே செய்வாய் என்று சொந்தக்காரர்களும் கேட்கிறார்கள். பகானியும் எஞ்சின் செய்யவில்லை. ஸொண்டாவில் இருப்பது மெர்சிடிஸின் வி12 எஞ்சின். நாங்களும் போட்டைச் செய்துவிட்டு யப்பான் எஞ்சினைத்தானே பூட்டிக் கடலுக்கு விடுகிறோம்? அதனால் அது எங்கள் போட் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

அக்காவுக்குப் பயம். கவுண்மேந்து வேலைக்குப் பரீட்சை எழுதட்டும் என்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். சுனாமிக்கும் சண்டைக்கும் பிறகு மாதச் சம்பளம் ஒன்றுதான் அவளுக்கு நிலமாகத் தெரிகிறது. பரீட்சையையும் எழுதட்டும், பம்பையும் வாங்கட்டும்.

பம்புக்கான காசில் பாதியை நானும் என் மச்சானும் போட்டுவிட்டோம். மிச்சம் சீட்டுக் காசு வந்ததும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வெக்கியூம் முறையில் பைபர் வேலை செய்த அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் வாருங்கள். அவனுக்குப் பழைய பம்ப் என்றாலும் பரவாயில்லை, ஓடினால் போதும்.