அதிபர் கையெழுத்துப் போடலைன்னா மசோதா காலியா?

"அமெரிக்க அதிபர் கையெழுத்துப் போடவில்லை, மசோதா அவ்வளவுதான்" என்று யாராவது எழுதினால் உடனே நம்பிவிடாதீர்கள். கையெழுத்தே இல்லாமல் சட்டமான மசோதாக்கள் உண்டு. எது பிழைக்கும், எது சாகும் என்பது காங்கிரஸ் அன்றைக்குக் கூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. (காங்கிரஸ் என்றால் அவர்களுடைய நாடாளுமன்றம். கட்சி என்று நினைத்துச் சண்டைக்கு வராதீர்கள்.)

அரசியல் சாசனம் அதிபருக்குத் தருவது 10 நாள். ஞாயிறு மட்டும் கணக்கில் வராது. அரசு விடுமுறை வந்தால் அது கணக்கில் சேரும். பலர் கோட்டை விடுவது இந்த எண்ணிக்கையில்தான். இரு சபைகளும் நிறைவேற்றிய நாளிலிருந்து எண்ணக் கூடாது. மசோதா வெள்ளை மாளிகையில் ஒப்படைக்கப்பட்ட நாளுக்கு மறுநாள்தான் முதல் நாள். திங்கள் 1ஆம் தேதி போய்ச் சேர்ந்தால் செவ்வாய் 2 முதல் எண்ணி, ஞாயிறு 7ஐத் தள்ளினால், வெள்ளி 12ஆம் தேதி நள்ளிரவில் கெடு முடிகிறது.

அதுவரை அதிபர் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை, காங்கிரஸ் கூடியிருக்கிறது என்றால் மசோதா தானாகச் சட்டம். 2016 டிசம்பரில் ஈரான் தடைச் சட்ட நீட்டிப்பை ஒபாமா இப்படித்தான் விட்டார். காங்கிரஸின் இரு சபைகளில், பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 419, எதிர்ப்பு 1; செனட்டில் 99க்கு 0. வீட்டோ செய்தாலும் (அதாவது, ஏற்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பினாலும்) மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு தூக்கி எறிந்திருப்பார்கள். என்னைக் கேட்டால் அது "எனக்கு இஷ்டமில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது, அவ்வளவுதான். சட்டத்தின் பலம் இம்மியும் குறையாது.

கெடு முடிவதற்குள் காங்கிரஸ் கலைந்து போய், மசோதாவைத் திருப்பி அனுப்ப வழியில்லாமல் போனால் கதையே வேறு. அதுதான் பாக்கெட் வீட்டோ, அதாவது மசோதாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சும்மா இருப்பது. மசோதா செத்தது. மறுவாக்கெடுப்புக்கும் வழியில்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1812இல் அதிபர் மேடிசன் தொடங்கி வைத்தார். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் 635 வீட்டோக்களில் 263 இந்த ரகம்.

"கலைந்து போவது" என்றால் எது என்பதில்தான் தகராறே. 1970 கிறிஸ்துமஸுக்கு செனட் சில நாள் இடைவேளை விட்டது; அதிபர் திருப்பி அனுப்புவதை வாங்கிக்கொள்ளச் சபையின் செயலாளருக்கு அதிகாரமும் கொடுத்துவிட்டுப் போனது. அப்போதைய அதிபர் நிக்சன் அதற்குள் ஒரு மசோதாவுக்குப் பாக்கெட் வீட்டோ என்றார். செனட்டர் எட்வர்ட் கென்னடி வழக்குப் போட்டார். வாங்கிக்கொள்ள ஆள் இருந்ததால் அந்த மசோதா சட்டமாகிவிட்டது என்று 1974இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால்தான் 2007 டிசம்பரில் ராணுவச் செலவு அனுமதி மசோதாவுக்கு ஜார்ஜ் புஷ் பாக்கெட் வீட்டோ என்று அறிவித்ததோடு, எதற்கும் இருக்கட்டும் என்று மசோதாவையும் திருப்பி அனுப்பி வைத்தார்.

அதிபரின் தந்திரம் என்று இதைத் திட்டுபவர்களோடு நான் பாதிதான் ஒத்துப்போவேன். கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் மசோதாக்களை மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டுச் சபையைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது காங்கிரஸ்தானே. இரண்டு வாரம் முன்னால் அனுப்பியிருந்தால் சட்டைப் பைக்கு வேலையே இல்லை.