கோசுமெல் படகோட்டிக்குக் கிடைத்த ஒற்றை நட்சத்திரம்

கிறிஸ்துமஸ் விடுமுறைக் கப்பல் பயணத்தைப் பற்றி நம் ஹூஸ்டன் நண்பர்கள் எழுதியவற்றை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள் என்பதால் முழுக்கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. மெக்சிகோவின் கோசுமெல் தீவில் நம்மை ஸ்நார்கெலிங் (மூச்சுக்குழாய் வைத்து மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) கூட்டிச்செல்ல வேண்டிய படகோட்டி அன்று காலை "இன்று முடியாது" என்று செய்தி அனுப்பினார். அதற்காக அவருக்கு இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, "ஏமாற்றுக்காரர், அதிகப் பணம் கொடுத்த வேறு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த மதிப்புரையின் கீழே நம்மவர்களே வரிசையாக வந்து கைதட்டியும் இருக்கிறார்கள். படகைப் பேசி ஏற்பாடு செய்தவள் நான் என்பதால், "சரியாக விசாரிக்காமல் யாரோ ஒருவரை நம்பி" என்ற வரி யாரைக் குறிக்கிறது என்பதும் எனக்கு விளங்காமல் இல்லை.

அந்தப் படகோட்டி யாரையும் ஏமாற்றவில்லை. அன்று துறைமுகம் சிறு படகுகளுக்கு மூடப்பட்டிருந்தது. மூடியவர் துறைமுக அதிகாரி. அதை மீறிப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போனால் படகோட்டிதான் பதில் சொல்ல வேண்டும். இதை அன்றே எல்லோருக்கும் சொன்னேன். சொன்னபோது தலையாட்டியவர்கள்தான் ஊர் திரும்பிய பிறகு எழுதினார்கள்.

மதிப்புரையோடு இணைத்திருக்கும் படத்தைப் பார்த்தீர்களா? ஒரு துண்டு மேகம்கூட இல்லாத நீல வானம், பளீரென்ற வெயில், கீழே "இந்த வானிலையில்தான் கடல் சரியில்லை என்றார்" என்று ஒரு கிண்டல். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் 'நோர்த்தே' என்று அங்குள்ளவர்கள் சொல்லும் வாடைக்காற்று பெரும்பாலும் அப்படித்தான் வரும். அமெரிக்கச் சமவெளியிலிருந்து இறங்கும் குளிர்ந்த, வறண்ட காற்று டெக்சஸைக் கடந்து, மெக்சிகோ வளைகுடாவின் மேல் ஓடி, ஓரிரு நாளில் கோசுமெல் இருக்கும் யுகட்டான் தீபகற்பத்தின் பக்கம் போய்ச் சேருகிறது. அதற்கு முன்னால் வரும் மேகமும் மழையும் கடந்துவிட்ட பிறகு வானம் துடைத்துவிட்டது போல் தெளிந்துவிடும். காற்று மட்டும் நிற்காது. நவம்பரிலிருந்து மார்ச் வரை இது அங்கே வழக்கமான சங்கதி. டெக்சஸின் கேல்வஸ்டன் துறைமுகத்தில் கப்பல் ஏறிய அன்று ஜாக்கெட்டுக்குள் கைகளைப் புதைத்துக்கொண்டு வரிசையில் நின்றோமே, அதே குளிர்தான் நமக்கு முன்னால் புறப்பட்டுக் கோசுமெல் போயிருந்தது. "ஹூஸ்டனில் வாடை இறங்கினால் இரண்டு நாள் கழித்து அங்கே படகு ஓடுவது சந்தேகம்" என்று பயணத்துக்கு முந்தைய வாரமே வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த பதில்கள் எல்லாம் கட்டைவிரல் படங்கள்.

தீவின் அமைப்பையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "பவளப்பாறை கரையிலிருந்து கூப்பிடு தூரம்தானே, அதற்கு என்ன பெரிய காற்று" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கப்பல் நிற்கும் துறைகளும், பலன்கார், கொலம்பியா என்ற பவளப்பாறைகள், எல் சியெலோ என்ற ஆழம் குறைந்த மணல் பகுதி என்று நாம் பார்க்க ஆசைப்படும் இடங்களும் தீவின் மேற்குக் கரையில் இருக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி காற்று கிழக்கிலிருந்து வீசுவதால், தீவே குறுக்கே நின்று மேற்குக் கரையை அமைதியாக வைத்திருக்கிறது. காற்று வடக்குக்கும் வடமேற்குக்கும் திரும்பிய நாளில் அந்த மறைப்பு போய்விடுகிறது. போதாததற்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓயாமல் ஒரு நீரோட்டம் ஓடுகிறது. சாதாரண நாளில் அந்த நீரோட்டம்தான் நமக்குக் கிடைத்த வரம்: படகு நம்மைத் தெற்கே இறக்கிவிடும், நாம் கையைக் காலை ஆட்டாமல் மிதந்துகொண்டே பாறைகளின் மேல் வடக்கே நகர்வோம், படகு பின்னாலேயே வந்து ஏற்றிக்கொள்ளும். வடக்கிலிருந்து பலத்த காற்று எதிர்த்து வந்தால் அதே ஓட்டத்தின் மேல் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். மூச்சுக்குழாய் வழியே உப்புத் தண்ணீர் உள்ளே போகும். நீரில் இருப்பவரின் தலை படகில் இருப்பவருக்குத் தெரியாது. நம் குழுவில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது, குழந்தைகள் வேறு.

"பெரிய கட்டமரான் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன்" என்பது இவர்களுடைய பெரிய ஆதாரம். போயிருக்கலாம். கட்டமரான் இரண்டு உடல்கள் இணைந்த பெரிய படகு. காற்று ஏற ஏற முதலில் சிறு படகுகளுக்கும் பிறகு பெரியவற்றுக்கும் மூடுவது அங்குள்ள வழக்கம். நாம் பேசியிருந்தது சிறு படகு. "கூட்டத்தோடு கூட்டமாக வேண்டாம், நமக்கென்று தனிப் படகு வேண்டும்" என்று கேட்டு வாங்கியவர்கள் யார் என்பதைக் குழுவின் பழைய செய்திகளில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். நான் பெயர் சொல்லவில்லை.

"கப்பலே வந்து நின்றதே" என்ற வாதத்துக்குப் பதில் சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. பதினைந்து மாடிக் கப்பலும் பன்னிரண்டு பேர் ஏறும் படகும் ஒரே அலையில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நினைப்பவர்களோடு நான் என்ன பேசுவது.

கப்பல் நிறுவனத்திடமே சுற்றுலாவைப் பதிவு செய்திருக்கலாமே என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. அது நல்ல கேள்வி. கப்பல் வழியாகப் பதிவு செய்தால், அவர்களுடைய சுற்றுலா தாமதமானாலும் கப்பல் நமக்காகக் காத்திருக்கும். கப்பல் துறைமுகத்துக்கே போகாவிட்டால் பணம் தானாகத் திரும்பிவிடும். தனியாகப் பேசினால் கூட்டம் குறைவு, செலவும் பெரும்பாலும் குறைவு, குழந்தைகளின் வேகத்துக்கு நிற்பார்கள். நேரத்துக்குக் கப்பலுக்குத் திரும்புவது மட்டும் நம் பொறுப்பு. இரண்டையும் எழுதி, குழுவில் வாக்கெடுப்பு வைத்துத்தான் முடிவு செய்தோம். ஆனால் வாடைக்காற்றுக்கு நாம் யாரிடம் சீட்டு வாங்கினோம் என்று தெரியாது. கப்பல் நிறுவனத்தின் சிறு படகுச் சுற்றுலாக்களும் அன்று ரத்தாகின. அவற்றுக்கு யாரும் ஒற்றை நட்சத்திரம் கொடுத்ததாகத் தெரியவில்லை. பெரிய நிறுவனம் ரத்து செய்தால் பாதுகாப்பு, தனி மனிதர் ரத்து செய்தால் ஏமாற்று!

படகோட்டி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார் என்பதை மதிப்புரையில் ஏன் எழுதவில்லை? முழுவதும் வந்துவிட்டது, அந்த வாரமே. வந்ததை ஆளுக்கு ஆள் பிரித்து அனுப்பியதும் நான்தான். கிறிஸ்துமஸ் வாரம் அந்தத் தீவில் ஒரே நாளில் பல கப்பல்கள் வந்து நிற்கும் பருவம். அவர்கள் ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருக்கும் வாரம். அந்த வாரத்தில் துறைமுகம் மூடினால் நமக்குப் போவது ஒரு பொழுது, அவருக்குப் போவது அந்த நாளின் வருமானம் முழுவதும். அவருக்கு மூடல் புதிதும் இல்லை. கோசுமெல் பாறைகள் 1996 முதல் தேசியப் பூங்கா. 2018 வாக்கில் அந்தக் கடலுக்கு வந்த பவளத்திசு நோய், நூற்றாண்டுகள் வளர்ந்த மூளைப்பவளங்களைச் சில வாரங்களிலேயே வெள்ளை எலும்பாக்கிவிட்டது. 2019 அக்டோபரில் பூங்கா நிர்வாகம் பலன்கார், கொலம்பியா, எல் சியெலோ மூன்றையும் சிறிது காலம் மூடியே வைத்தது. அப்போதும் வேலை இழந்தவர்கள் இந்தப் படகோட்டிகள்தான். நாம் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்கக் கூடாது, நட்சத்திர மீனைப் படத்துக்காகத் தூக்கக் கூடாது, பாறையின் மேல் கால் வைக்கக் கூடாது என்று அவர் முன்கூட்டியே எழுதி அனுப்பியதைக்கூட, "ஓவர் கண்டிஷன்" என்று நம்மில் ஒருவர் சிரித்தார்.

அவர்மீது எனக்கு ஏன் இவ்வளவு நம்பிக்கை என்று கேட்கிறீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில், மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவை இதே மனிதரின் படகில் கூட்டிப்போனோம். அம்மா வைகையில் தண்ணீர் ஓடினாலே கரையில் நின்று பார்ப்பவர். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. பலன்கார் போக வேண்டும் என்று நான்தான் அடம் பிடித்தேன். படகோட்டி நீரோட்டத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வேண்டுமானால் சரி, அம்மாவுக்கு இன்று வேண்டாம்" என்று சொல்லி, ஆழம் குறைந்த எல் சியெலோவுக்குப் படகைத் திருப்பினார். அங்கே அம்மாவுக்கு லைஃப் ஜாக்கெட்டை அவரே இறுக்கிக் கட்டி, மிதவை வளையம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அந்த வளையத்தின் கயிற்றை இழுத்தபடி பக்கத்திலேயே நீந்தினார். முதல் கால் மணி நேரம் அம்மா முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கவே இல்லை. அவர் அவசரப்படுத்தவில்லை, சிரிக்கவும் இல்லை. பிறகு ஒருமுறை குனிந்து பார்த்த அம்மா, மணலோடு மணலாகப் படுத்திருந்த ஒரு திருக்கை எழுந்து போவதைக் கண்டுவிட்டு, படகில் ஏறவே மறுத்துவிட்டார். தண்ணீர் 26 டிகிரிதான் இருக்கும். கேட்பதற்கு இதமாக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் உடம்பு நடுங்கிவிடும். உதடு நீலம் பாய்ந்த பிறகுதான் ஏறினார். அன்று பலன்கார் பார்க்கவில்லை என்ற குறை அம்மாவுக்கு இருந்ததே இல்லை. அந்த மனிதர் "வேண்டாம்" என்றால் எனக்கு அது போதும்.

"அப்படியானால் குளிர்காலத்தில் ஏன் ஏற்பாடு செய்தாய்" என்று அடுத்த அம்பு. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம், குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை டிசம்பரில், உங்கள் எல்லோருக்கும் அலுவலக விடுப்பும் அப்போதுதான். நாளைக் குறித்தது நானில்லை. குறித்த நாளுக்குள் எது சாத்தியமோ அதைச் செய்தேன். காற்று திரும்பினால் தீவின் நடுவே இருக்கும் சான் ஹெர்வாசியோ மாயன் இடிபாடுகளைப் பார்க்கலாம் என்று மாற்றுத் திட்டமும் வைத்திருந்தேன். இக்செல் என்ற பெண் தெய்வத்தின் கோயில் இருந்த இடம், வேன்கூடப் பேசியிருந்தேன். நானும் இரண்டு குடும்பமும் போனோம். மற்றவர்கள் துறைமுக வாசலில் உள்ள மதுக்கடையில் உட்கார்ந்து படகோட்டியைத் திட்டினார்கள். அந்த மேசையில் எழுதத் தொடங்கியதுதான் அந்த மதிப்புரை.

ஏற்பாட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டெக்சஸ் நேரத்துக்கும் கோசுமெல் நேரத்துக்கும் குளிர்காலத்தில் ஒரு மணி வேறுபாடு உண்டு. கோசுமெல் இருக்கும் கின்தானா ரோ மாநிலம் 2015 முதல் தன் கடிகாரத்தைக் கிழக்கத்திய நேரத்துக்கு (நியூயார்க்கின் குளிர்கால நேரம்) மாற்றிக்கொண்டு, ஆண்டு முழுவதும் அதிலேயே நிற்கிறது. கப்பல் டெக்சஸ் நேரத்திலேயே ஓடும்போது படகோட்டி பத்து மணி என்றால் நம் கைக்கடிகாரத்தில் ஒன்பது. இதை நான் தடித்த எழுத்தில் போட்டதற்கு, "மேடம் எங்களுக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்" என்று ஒரு பதில் வந்தது. சிரிப்புப் படங்கள் விழுந்தன. நானும் ஒரு சிரிப்புப் படம் போட்டுவிட்டு நகர்ந்தேன். கண்ணாடி அணிபவர்களுக்குப் பவர் உள்ள மாஸ்க், குமட்டலுக்கு மாத்திரை, குழந்தைகளுக்கு முழுக்கை நீச்சலுடை, பூங்காக் கட்டணத்துக்குச் சில்லறை என்று மாதக்கணக்கில் செய்த ஏற்பாடு எதுவும் யாருடைய பதிவிலும் இல்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. எதிர்பார்த்தது ஒரு தொலைபேசி அழைப்பு. ஏற்பாட்டில் குறை இருந்தால் ஏற்பாடு செய்தவளிடம் கேட்கலாம். அப்படியில்லாமல் என் கணவருக்குத் தனிச்செய்தி அனுப்பி, "உங்கள் வீட்டம்மா கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் போலிருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்கள். அவருக்கு அந்தப் படகோட்டியின் பெயர்கூடத் தெரியாது. முன்பணம் அனுப்பும்போது மட்டும் அவர்களுக்கு என் எண் தெரிந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். உங்களுக்கு ஒரு நட்சத்திரம் சின்ன விஷயம். நான்கு படகு மட்டும் வைத்திருப்பவரின் பக்கத்தில், "ஏமாற்றுக்காரர்" என்ற சொல்லோடு அது மேலே நிற்கும்போது, அடுத்த வாரம் வருபவர் வேறு ஆளைத் தேடுவார். அந்த வேறு ஆள் காற்றைப் பார்க்காமல் "போகலாம்" என்று சொல்பவராக இருந்தால், அதற்கும் நீங்கள் ஐந்து நட்சத்திரம் கொடுப்பீர்கள், திரும்பி வந்தால்.

அடுத்த குளிர்காலத்துக்கும் அதே படகைப் பேசிவிட்டேன். அம்மாவும் வருகிறார். அன்று காலை படகோட்டி வேண்டாம் என்றால் சான் ஹெர்வாசியோவுக்கே மறுபடி போவோம். உடன் வர விரும்புகிறவர்கள் எனக்கு எழுதலாம், என் கணவருக்கு வேண்டாம். முன்பணம் கொடுப்பதற்கு முன், கடல் மூடினால் படகு இல்லை என்பதற்குக் குழுவில் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். கட்டைவிரல் படத்தை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.