'நல்ல கேள்வி, பிறகு வருவோம்'

போன சனிக்கிழமையும் போச்சு. பயிற்சி என்று காலை ஒன்பது மணிக்குச் சூமில் ஏறினேன், இறங்கும்போது நாலரை. உப்புவெளியில் எங்கள் வீட்டிலிருந்து கடல் ஐந்து நிமிட நடை. அதையும் விட்டுவிட்டு லப்டொப்புக்கு முன்னால் குந்தியிருந்து என்ன படித்தேன்? ஸ்லைடில் இருந்ததை ஒருவர் வரிக்கு வரி வாசித்தார். எனக்கும் வாசிக்கத் தெரியும் சேர்!

பயிற்சியின் பெயர் மட்டும் பெரிது. உயர்கல்வியில் ஆங்கிலத்தில் எழுதக் கற்பிப்பவர்களுக்கு வாண்மை விருத்தியாம். நாள் முழுக்க ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை, ஒரு பிள்ளையின் தாளைத் திறந்து பார்க்கவில்லை. நீச்சல் பழக்குகிறேன் என்று கூட்டிப்போய் நிலாவெளி மணலில் இருத்திவைத்து அனுப்பின மாதிரி.

சொன்ன விஷயம் பிழையில்லை. வரைவு எழுதவிடு, கருத்துச் சொல், திருப்பி எழுதவிடு. 1970களில் அமெரிக்கக் கல்லூரிகளில் வேர்விட்ட முறை. ஆனால் அங்கே கல்லூரி எழுத்து ஆசிரியர்களுக்கென்று 1949இலேயே அமைப்பு வந்துவிட்டது. எழுத்து வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது, 15 என்றால் நல்லது என்பது அதன் பரிந்துரை. என் வகுப்பில் 78 பேர். ஆளுக்கு மூன்று வரைவு என்றால் 234 தாள். தாளுக்குப் பத்து நிமிடம் போட்டாலும் 39 மணித்தியாலம். இதை எப்படிச் செய்வது என்று சூம் சட் பெட்டியில் எழுதிக் கேட்டேன். "நல்ல கேள்வி, பிறகு வருவோம்" என்றார் ஸ்லைட் வாசித்தவர். வரவேயில்லை.

கேட்கலாம் என்று ஒரு தாளை மேசையில் எடுத்து வைத்திருந்தேன். கிண்ணியாப் பிள்ளை, வாப்பா கடலுக்குப் போவதைப் பற்றி எழுதியிருந்தாள். ஒரு வினைச்சொல்கூடச் சரியான காலத்தில் இல்லை. ஆனால் மூன்றாம் பந்தியில், வாப்பா கரைக்கு வரும்வரை உம்மா சோற்றுப் பானையை மூடியே வைத்திருப்பாவாம், ஒருவரும் திறக்கக்கூடாதாம். இந்தத் தாளில் சிவப்புப் பேனையை எங்கே வைப்பது? எல்லாப் பிழையையும் சுழித்தால் அடுத்த முறை பிள்ளை நாலு பாடமாக்கின வசனத்தோடு நிறுத்திவிடும். விட்டால் சோதனையில் புள்ளி போகும். எனக்கு யாராவது சொல்லித்தர வேண்டியது இதைத்தான்.

மத்தியானத்துக்குப் பிறகு ஐந்து ஐந்து பேராகத் தனித்தனிச் சூம் அறைகளுக்குப் பிரித்து, பேசப் பத்து நிமிடம் தந்தார்கள். மூன்று பேர் கமராவும் இல்லை, சத்தமும் இல்லை. மட்டக்களப்பு ரீச்சர் ஒருவர் மட்டும், "அக்கா, மற்ற ஆக்கள் சமைக்கிறாங்க போல" என்றார். அவரிடம் அந்தத் தாளை வாசித்துக் காட்டினேன். தான் முதல் வரைவில் பிழையே தொடுவதில்லை, பிடித்த ஒரு இடத்துக்குக் கீழே கோடு போட்டு ஒரு கேள்வி மட்டும் எழுதுவேன் என்றார். என்ன கேள்வி என்று கேட்க வாயெடுத்தேன், 'அறை 60 செக்கனில் மூடப்படும்' என்று வந்துவிட்டது. அந்த நாளின் பிரயோசனம் அவ்வளவுதான்.

அப்புறம் கருத்துப் படிவம், நிரப்பினால்தான் சான்றிதழ். எழுத்து ரீச்சர்மாருக்குத் தந்த படிவத்தில் எழுத ஒரு பெட்டிகூட இல்லை, ஒன்று முதல் ஐந்து வரை வட்டம் மட்டும். எல்லாத்துக்கும் ஐந்து போட்டேன். சான்றிதழ் வேணுமே.