எவரெட்டின் இன்னொரு முகம்

எட்வர்ட் எவரெட்டை, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் தன் புகழ்பெற்ற உரையை ஆற்றுவதற்கு முன் இரண்டு மணி நேரம் பேசிய மனிதர் என்று மட்டும், அவரைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை சொல்லிவிட்டுப் போகிறது. பாவம், எல்லாரும் அவரை அந்த ஒரு நாளோடு கட்டிப்போட்டுவிடுகிறார்கள். ஹார்வர்டில் கிரேக்க இலக்கியப் பேராசிரியர் அவர். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1817இல் முனைவர் பட்டம் வாங்கிய முதல் அமெரிக்கர். அங்கே இருந்தபடியே ஜெர்மன் எழுத்தாளர் கெதேயைப் பற்றி 'நார்த் அமெரிக்கன் ரெவ்யூ'வுக்கு எழுதினார். 1815இல் பாஸ்டனில் தொடங்கிய இதழ் அது. ஊர் திரும்பியதும் 1820இல் அவரே அதன் ஆசிரியரானார். அப்புறம் வரலாற்றாசிரியர் ஜாரெட் ஸ்பார்க்ஸ் ஆசிரியராக வந்தார், சில ஆண்டு கழித்து எவரெட்டின் அண்ணன் அலெக்சாண்டரும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கிட்டத்தட்டக் குடும்பப் பத்திரிகைதான்! ஜெர்மன் இலக்கியம் பாஸ்டன் வாசகர்களுக்குப் பழக்கமானதில் இந்த இதழுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம்.